தம்பிக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். அப்பா பருத்தியும் மிளகாயும் போடுகிற விவசாயி. தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தவன், இப்போது எல்லாப் பாடத்திலும் இறங்கிவிட்டான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொல்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸாப்பில், 'நான் இல்லாமப் போனா வீட்டுக்குப் பாரம் குறையும்லக்கா' என்று போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். போன் போட்டால் முதலில் சும்மா சொன்னேன் என்றான், அப்புறம் அழுதான். இரண்டு மாதமாகச் செத்துப் போய்விடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறதாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார். மனநல டாக்டரிடம் போனால் ஊரில் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள், மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, பின்னால் அரசு வேலைக்கு இடைஞ்சல் வரும் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவனிடம் திரும்ப அதைப் பற்றிக் கேட்கவும் பயமாக இருக்கிறது, நானே அந்த நினைப்பை வளர்த்துவிடுவேனோ என்று. எனக்கும் தூக்கம் போய்விட்டது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ஒரு போன் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். 'சாப்பிட்டியாடா' என்று கேட்டால் போதும். நான் அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். இந்த எண்ணம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அதிலிருந்து மீண்டு படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் காட்சி என்று நன்றாக இருக்கிறார்கள், மனநல மருத்துவராக அதை என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மீண்டவர்கள் எல்லோருக்கும் நடுவில் யாரோ ஒருவர் விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்காமல் எதையாவது செய்திருப்பார். உங்கள் தம்பிக்கு அந்த ஒருவர் நீங்கள்தான். அவன் ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கு மெசேஜ் போடலாம் என்று யோசித்து உங்களுக்குப் போட்டிருக்கிறான். அழித்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள், போட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சத்தியம். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அதுதான் உங்களை அழுத்துகிறது என்று தெரிகிறது, அதனால் அதை முதலில் பேசிவிடுவோம். மீறலாம். மீறித்தான் ஆக வேண்டும். அம்மா மேல் செய்த சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கத்தான் செய்யும், அதை நான் சின்னதாகப் பேசப் போவதில்லை. ஆனால் அந்தச் சத்தியம் எதைக் காப்பாற்ற வாங்கியது என்று யோசித்துப் பாருங்கள். அவன் காப்பாற்ற நினைத்தது தன் மானத்தை, அப்பாவின் அடியிலிருந்து தன் முதுகை. அவன் உயிர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பெற்ற தாயிடம் கேட்டால் என் பேரில் செய்த சத்தியம் போகட்டும், பிள்ளை இருக்கட்டும் என்றுதான் சொல்வார்.

ஆனால் அவனுக்குத் தெரியாமல் மீறாதீர்கள். இதுதான் முக்கியம். அவன் முதுகுக்குப் பின்னால் அம்மாவிடம் சொல்லி, அம்மா அழுதுகொண்டே அவன் அறைக்குள் ஓடினால், அவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கையான ஆளும் போய்விட்டதாக ஆகிவிடும். முதலில் அவனிடம் சொல்லுங்கள். நான் என்ன வார்த்தையில் சொல்வேன் என்று எழுதுகிறேன், உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 'டேய், உனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். ஆனா இது நான் ஒருத்தியா வச்சிருக்கிற விஷயம் இல்லடா. அம்மாகிட்டச் சொல்லப் போறேன். உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன், அதான் இப்பச் சொல்றேன். எப்படிச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லு.' கோபப்படுவான். போனை வைத்துவிடுவான். 'உன்கிட்டச் சொன்னதே தப்பு' என்பான். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, தம்பியோடு சண்டை போட்டுச் சேருவதற்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

அடுத்து, கேட்டால் எண்ணம் வளருமா என்ற பயம். வளராது. இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள், முடிவு 2005-இல் வெளியானது. கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கும், முன்பு முயற்சி செய்திருந்தவர்களுக்கும், கேட்கப்பட்ட பிறகு மனக்கலக்கம் கொஞ்சம் குறைந்தே இருந்தது. என் அறையிலும் அதைத்தான் பார்க்கிறேன். நேராகக் கேட்டவுடன் பல பிள்ளைகளின் தோள் இறங்கும், இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை யாரோ ஒரு கை பிடித்த மாதிரி.

ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. 'அந்த மாதிரி எதுவும் நினைக்கலேல்ல?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் நமக்கு எந்தப் பதில் வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டோம். 'செத்துப் போயிடலாம்னு இப்பவும் தோணுதா? இன்னைக்குத் தோணிச்சா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?' என்று பட்டென்று, ஆனால் குரலை உயர்த்தாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். எதிர்முனையில் அரை நிமிஷம் மௌனம் வந்தால் அதை நிரப்பப் போகாதீர்கள். 'உனக்கு என்னடா குறை', 'எங்களை நினைச்சுப் பார்த்தியா', 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா, நான் படாத கஷ்டமா' என்ற மூன்றையும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். மூன்றுமே பாசத்தில் வருபவைதான். ஆனால் தான் வீட்டுக்குப் பாரம் என்று நினைக்கிற பிள்ளையின் காதில் அந்த மூன்றும், ஆமாம் நீ பாரம்தான் என்றுதான் விழும்.

பதில் எப்படி வந்தால் காத்திருக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறேன் என்றாலோ, முன்பே ஒருமுறை முயன்றிருக்கிறேன் என்றாலோ, தனக்குப் பிடித்த பொருட்களை நண்பர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, விடைபெறுகிற மாதிரி பேசினாலோ, வாரக்கணக்கில் இருண்டு கிடந்தவன் காரணமே இல்லாமல் ஒரு நாள் திடீரென்று தெளிந்து அமைதியாகிவிட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்பாயின்ட்மென்ட், நல்ல நாள் எதுவும் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், போகிறவரை ஒரு நிமிஷம்கூட அவனைத் தனியாக விடக் கூடாது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நீங்கள் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் வீட்டில் இருக்கிற ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

யாருக்கு? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதலில் அம்மா. அம்மாவோடு இன்னொரு ஆள், அப்பா மதிக்கிறவராக, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவராக. தாய்மாமாவோ, பெரியப்பாவோ, அவன் படிக்கும் பள்ளியில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு வாத்தியாரோ. ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கோபக்கார அப்பாக்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். 'டிப்ரஷன்' என்ற வார்த்தையோடு ஆரம்பித்தால் 'போனைப் புடுங்கி வச்சா எல்லாம் சரியாகும்' என்பார். அப்படி ஆரம்பிக்காமல், 'ரெண்டு மாசமா பையன் சரியாத் தூங்கல, சாப்பாடு இறங்கல, உடம்பு இளைச்சுப் போச்சு, உயிருக்கே ஆபத்தா ஆகிரும்னு டாக்டர் சொல்றாங்க' என்று ஆரம்பியுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை, சொல்கிற டாக்டர் நான்தான். அப்புறம் அவரிடம் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, இந்த விஷயத்துக்காக அவன் மேல் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, அவர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலை இது. நீங்கள் பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பம், வீட்டில் பூச்சிமருந்து இருக்கும். அது இன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். திண்ணைக்கு அடியிலிருந்து பரணுக்கு ஏற்றுவது போதாது, பம்ப்செட் ரூமும் வேண்டாம், அது அவனுக்குத் தெரிந்த இடம். வேறு ஒருவர் வீட்டில், பூட்டுக்குள், சாவி அப்பாவின் இடுப்பில். இனிமேல் அன்றன்றைக்கு அடிக்கிற அளவுக்கு மட்டும் வாங்கி அன்றைக்கே தீர்த்துவிடட்டும். அப்பத்தாவோ தாத்தாவோ சாப்பிடுகிற சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரு பெட்டியில் பூட்டி அம்மா கையில் இருக்கட்டும். 'சாகணும்னு நினைக்கிறவன் எப்படியும் வழி தேடிக்குவான்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது உண்மை இல்லை. அந்த உச்சக்கட்ட வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் இருக்கும், சிலருக்கு நிமிஷக் கணக்கு. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் போனால் அலை வந்த மாதிரியே போய்விடும். இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அதன் பிறகு அங்கே தற்கொலைச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம்கூட, விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் அவரவர் பெட்டியில் பூட்டி வைக்கிற ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். இந்த வேலையை அப்பாவிடம் கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உட்கார்ந்து பேசத் தெரியாத அப்பாவுக்கு, பிள்ளைக்காக ஏதோ ஒன்றைச் செய்கிறோம் என்று கையில் ஒரு வேலை இருந்தால் கோபம் பாதி இறங்கிவிடும்.

இனி டாக்டர். பைத்தியம் என்ற பேர், ஆயுசுக்கும் மாத்திரை என்ற பயமெல்லாம் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அவனுக்கும் 17 வயது. அப்பா இழுத்துக்கொண்டு வந்திருந்தார், உள்ளே வரும்போதே 'ஒழுங்காப் பதில் சொல்லு' என்று அதட்டிக்கொண்டே வந்தார். நான் அப்பாவிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கதவு சாத்திய பிறகும் பையன் பேசவில்லை. கையில் இருந்த ஓ.பி. சீட்டை மடித்துக்கொண்டே இருந்தான். பாதியாக, காலாக, அதற்கும் பாதியாக, கடைசியில் அது ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. தூக்கம் எப்படி, பசி எப்படி, எந்தப் பாடம் பிடிக்கும், ராத்திரி போனில் என்ன பார்ப்பாய் என்று கேட்டுக்கொண்டே வந்து, 'செத்துப் போயிடலாம்னு தோணுதா தம்பி' என்று கேட்டேன். சீட்டை மடிப்பதை நிறுத்திவிட்டு, 'இதை அப்பாகிட்டச் சொல்வீங்களா' என்று கேட்டான். 'உன் உயிருக்கு ஆபத்து இருக்குன்னு எனக்குத் தோணினா, உன்னைக் காப்பாத்துற அளவுக்கு மட்டும் சொல்லுவேன், உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். மத்தது எதுவும் இந்த ரூமை விட்டுப் போகாது' என்றேன். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினான். படிப்பு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், விஷயம் வேறு. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பேர் சேர்ந்துகொண்டு ஒரு வருஷமாக அவனை நோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பிக்கு மார்க் குறைந்ததுதான் காரணம் என்று நீங்களும் முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் மார்க் குறைவது விளைவு, காரணம் இல்லை. காதலாக இருக்கலாம், சாதியை வைத்து யாராவது பேசியிருக்கலாம், வெளியே சொல்ல முடியாத விதமாக யாராவது அவனிடம் நடந்துகொண்டிருக்கலாம், ஆன்லைன் விளையாட்டில் பணம் போயிருக்கலாம், போதைப் பழக்கமாக இருக்கலாம், எதுவுமே இல்லாமல் மனச்சோர்வு மட்டுமே ஒரு நோயாக வந்திருக்கலாம். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவது அதிகம், 'எரிந்து விழுகிறான்' என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு முக்கியமாகப் பட்டது அதனால்தான். அதை அவன் சொல்லட்டும், ஒரே நாளில் சொல்ல மாட்டான்.

யாரிடம் போவது என்பதில் ஒரு குழப்பம் இருக்கும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் இதைப் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். உங்கள் தம்பிக்கு எண்ணம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதால் முதலில் மனநல மருத்துவர் பார்க்கட்டும், அவர் சொல்கிறபடி மற்றவரும். ஊரில் பேர் கெடும் என்ற பயம் இருந்தால் பக்கத்தில் காட்ட வேண்டாம், மதுரைக்குப் போங்கள். அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் எல்லா மாவட்டத்திலும் அரசு மனநல மருத்துவர் உண்டு, எந்தக் கிழமை எங்கே பார்க்கிறார் என்று அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-இல் கேட்டால் சொல்வார்கள். முதல் நாளில் பெரும்பாலும் பேச்சுதான் இருக்கும், ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், தைராய்டு, ரத்தசோகை மாதிரி உடம்பில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க. கரண்ட் வைப்பார்கள், கட்டிப் போடுவார்கள் என்று அவன் எங்கேயாவது பார்த்துப் பயந்திருந்தால் முன்கூட்டியே பேசித் தெளிய வையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சில நாள் அட்மிஷன் போடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வாரமே வரச் சொல்வார்கள். அடுத்த வாரம் கண்டிப்பாகப் போங்கள். முதல் தடவை போய்விட்டு, பையன் முகம் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுகிற குடும்பங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் இந்த வயதுக்கு வழக்கமாக எழுதுவது ஃபுளூவாக்சிடின் வகை. அது பழக்கமாகி ஆளை அடிமைப்படுத்துகிற மாத்திரை இல்லை, தூக்க மாத்திரையும் இல்லை. வேலை செய்ய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம்வரை ஆகும், அதனால் ஒரு வாரத்தில் 'இது கேக்கல' என்று தூக்கிப் போடக் கூடாது. குணமான பிறகும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ தொடரச் சொல்லிவிட்டு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவோம், பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் என்ற பேச்சே கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும், இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்கு, ஆரம்பித்த முதல் சில வாரங்களில் படபடப்பும் அந்த எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-லேயே பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி இதை எச்சரிக்கச் சொன்னது, 2007-இல் அதை 24 வயதுவரை நீட்டித்தது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அந்த வாரங்களில் வீட்டில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும், இருப்புக் கொள்ளாமல் அலைகிறான், தூக்கமே இல்லை என்றால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், மாத்திரை அட்டை அம்மாவிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டை மடித்த பையனின் அப்பாவைச் சொன்னேன் இல்லையா, அதட்டிக்கொண்டே வந்தவர், போகும்போது வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, 'சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா' என்று கேட்டார். சொன்னேன். பார்மசியில் வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்து அதையே கேட்டார்.

அம்மா கோயிலுக்குக் கூட்டிப் போகணும், கயிறு கட்டணும், மந்திரிக்கணும் என்பார். கட்டட்டும், போகட்டும், அதில் தகராறு பண்ணாதீர்கள். அதைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அவன் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்? பதினேழு வயதுப் பையனைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது. 14416 என்ற எண்ணை அவனுக்குக் கொடுங்கள், முதலில் நீங்களே கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கொடுங்கள். டெலிமானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி நாடு முழுக்க ஆரம்பித்த இலவசச் சேவை அது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-உம் அவனுக்கு உண்டு. முகம் காட்டாமல் பேசலாம் என்பதாலேயே சில பிள்ளைகள் அங்கே முதலில் வாய் திறக்கும். அதோடு, 'ஒரே ஒரு தடவை வா, பிடிக்கலேன்னா அடுத்த தடவை வேற டாக்டர், அதுவும் பிடிக்கலேன்னா அப்பப் பேசிக்குவோம்' என்று பேரம் பேசுங்கள். பேரத்துக்குப் படிவார்கள். அப்படியும் வராவிட்டால் அவன் இல்லாமல் நீங்களும் அம்மாவும் போய் டாக்டரைப் பாருங்கள், வீட்டில் என்ன செய்யலாம் என்று சொல்வார். ஆனால் மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் இருந்தால் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

அரசு வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிற உரிமை அவனுக்கு உண்டு, ஆஸ்பத்திரி அதைப் பள்ளிக்கூடத்துக்கோ ஊருக்கோ எழுதி அனுப்பாது, டி.சி.யிலோ மார்க் ஷீட்டிலோ வராது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று அம்மா பயப்படலாம். எண்ணம் வந்ததற்காக டாக்டரைப் பார்ப்பது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்தவர்களைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகக் கருதிச் சிகிச்சையும் பாதுகாப்பும் தர வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பிடித்த ஒரு ஆசிரியரிடம், அவன் சம்மதத்தோடு, உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள் என்ற அளவுக்குச் சொல்லலாம். பிளஸ் டூ என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பரீட்சை நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒரு பாடத்தில் போனால் துணைத் தேர்வு இருக்கிறது, எழுதிவிட்டு அதே வருஷம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இதை அவனுக்குச் சொல்வதைவிட அப்பா அம்மாவை ஒரு தடவை அவன் காதுபட வாய்விட்டுச் சொல்ல வையுங்கள், 'போனா போகுது, திரும்ப எழுதிக்கலாம்' என்று. எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

ஊருக்குப் போனதும் அவனோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் இதை எழுதுங்கள். டாக்டர் அறையிலும் இதைச் செய்வோம், ஆனால் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அந்த எண்ணம் வரப்போகிறது என்பதற்கு முன்னால் அவனுக்கு என்ன தோன்றும், அவன் வார்த்தையிலேயே (சிலர் 'தலைக்குள்ள சத்தம்' என்பார்கள், சிலர் 'நெஞ்சு கனக்குது' என்பார்கள்). அப்போது தனியாகவே என்ன செய்தால் கொஞ்சம் தள்ளிப் போகும், குளிப்பதா, சைக்கிளில் சுற்றுவதா, பாட்டா. யார் கூட இருந்தால் நன்றாக இருக்கும், விஷயத்தைச் சொல்லக்கூட வேண்டாம், சும்மா கூட இருக்க. யாரிடம் சொல்லலாம், அவர்கள் எண். டாக்டர் எண், 14416. வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். மடித்து அவன் போன் கவரில் வைக்கட்டும். அறிவுரை எதையும் அதில் எழுதாதீர்கள், அது அவன் காகிதம்.

கடைசியாக நீங்கள். இரண்டு வாரமாக ஒவ்வொரு ராத்திரியும் அவன் 'லாஸ்ட் சீன்' பார்த்துக்கொண்டு விழித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்ன பிறகு ராத்திரிக் காவலை அவர்கள் கையில் கொடுங்கள், அவன் அறைக்குள்ளோ வாசலிலோ யாராவது படுத்துக்கொள்ளட்டும், நீங்கள் தூங்குங்கள். 14416 உங்களுக்கும் சேர்த்துத்தான், அக்காக்களும் அங்கே பேசுகிறார்கள். இன்னொன்று, நீங்கள் எவ்வளவு சரியாகச் செய்தாலும் இது உங்கள் ஒருத்தியின் பொறுப்பு கிடையாது, அதனால்தான் இத்தனை பேரை இதற்குள் இழுத்துவிடச் சொல்கிறேன்.

வார லீவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நாளைக்கே லீவு சொல்லுங்கள், வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் போதும். இன்றைக்கு ராத்திரி அவனிடம் சத்தியத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த நிமிஷமே அம்மாவைக் கூப்பிடுங்கள், நீங்கள் போய்ச் சேருகிறவரை அவன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். அப்புறம் பஸ் ஏறுங்கள். ஏறும்போது அவனுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: 'காலைல வந்துருவேன்டா. பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டு நீயே வா.'